புது டிராக்டரில் ஹைட்ராலிக் கசிவு: வாரண்டியில் எண்ணெய்க்கு இடமில்லையா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். புதிதாக வாங்கிய டிராக்டரில் வாரண்டிக் காலம் முடியுமுன்பே ஹைட்ராலிக் எண்ணெய் (பின்னால் மாட்டிய கலப்பையைத் தூக்கி இறக்கும் லிஃப்டை அழுத்தத்தால் இயக்கும் எண்ணெய்) கசிவதும், அதைச் சரிசெய்து தரச்சொல்லி விவசாயி ஷோரூமுக்கு நடையாய் நடப்பதும் எங்கள் பகுதியில் அடிக்கடி காணக்கூடியவை. விதை முளைக்கவில்லை, உரம் கிடைக்கவில்லை என்றால் அது செய்தியாகிறது. ஏழெட்டு லட்சம் ரூபாய் கொடுத்து வாங்கிய வண்டியின் லிஃப்ட் நடவு நேரத்தில் நின்றுபோனால், அது அந்த விவசாயிக்கும் டீலருக்கும் இடையிலான சொந்தத் தகராறாகவே முடிந்துவிடுகிறது. அப்படி முடியக் கூடாது என்பதால், இந்த விஷயத்தில் வாரண்டி எந்த இடத்தில் நம்மைக் கைவிடுகிறது என்பதைத் தங்கள் நாளிதழ் வழியாகச் சற்று விரிவாக எழுத விரும்புகிறேன்.

நான் சென்ற ஆண்டு வங்கிக் கடனில் 45 குதிரைத்திறன் டிராக்டர் ஒன்று வாங்கினேன். 50 மணி நேரத்தில் செய்ய வேண்டிய முதல் சர்வீஸ் வருமுன்பே, ஹைட்ராலிக் பம்பிலிருந்து மேலேறும் இரும்புக் குழாயின் இணைப்பைச் சுற்றிப் பிசுபிசுப்பு தெரிந்தது. அதில் புழுதி ஒட்டிக் கறுப்புக் களிம்பாகப் படிந்திருந்ததால் பார்த்தவுடன் கிரீஸ் என்றே தோன்றும். துடைத்துவிட்டு, ரோட்டவேட்டரை (மண்ணைக் கிளறும் சுழல் கலப்பையை) இரண்டு மூன்று முறை தூக்கி இறக்கினால்தான் குழாயின் கழுத்திலிருந்து தேன் நிறத்தில் எண்ணெய் மெல்ல ஊறி வருவது கண்ணுக்குப் படும். ஷோரூமிலிருந்து வந்த மெக்கானிக் தம்பி துணியால் துடைத்தார், போல்ட்டை இறுக்கினார், "புது வண்டியில இது சகஜம்ணே, ஓட ஓட சரியாயிடும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். ஓட ஓடப் படிந்து சரியாகும் சங்கதிகள் என்ஜினில் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அழுத்தத்தில் கசியும் ஓர் இணைப்பு தானாக அடைந்துகொண்டதாக நான் எங்கும் கேள்விப்பட்டதில்லை.

சில சொட்டு எண்ணெய்க்கு இத்தனை பேச்சா என்று டிராக்டர் ஓட்டாதவர்கள் நினைக்கக்கூடும். இன்று நம் வயல்களில் ஓடும் டிராக்டர்களில் பெரும்பாலானவற்றில் கியர் பெட்டி, பின்சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துத் தரும் டிஃபரன்ஷியல், ஹைட்ராலிக் ஆகிய மூன்றுக்கும் பின்பக்க ஹவுசிங்கில் (இரும்புக் கூட்டில்) உள்ள ஒரே எண்ணெய்தான் பயன்படுகிறது. ஆயில் பிரேக் உள்ள வண்டியில் பிரேக் தட்டுகளும் அதே எண்ணெயில்தான் மூழ்கியிருக்கின்றன. வண்டிக்கு வண்டி மாறினாலும், 45 முதல் 50 குதிரைத்திறன் வரையுள்ள டிராக்டர்கள் பலவற்றில் இது 40 லிட்டரை ஒட்டி இருக்கும். 60 லிட்டர் வரை பிடிக்கும் வண்டிகளும் உண்டு. அளவு குறைந்தால் முதலில் பம்ப் எண்ணெயோடு காற்றையும் சேர்த்து இழுக்கத் தொடங்கும், எண்ணெய் நுரைக்கும், லிஃப்ட் ஒரே சீராக ஏறாமல் விட்டுவிட்டு ஏறும், பம்ப் இரையும். அந்த நிலையிலும் ஓட்டினால் பம்பின் பற்சக்கரங்களும் அவற்றைச் சுற்றியுள்ள உட்சுவரும் தேய்ந்துபோகின்றன. அதற்குப் பிறகு கசிவை அடைத்தாலும் பழைய தூக்குதிறன் திரும்பாது. இதை அறிந்தவர்களே "குறையக் குறைய ஊற்றிக்கொண்டு ஓட்டுங்கள், சீசன் முடிந்ததும் கொண்டுவாருங்கள்" என்று சொல்வது, உடைந்த மடையை அடைக்காமல் பம்புசெட்டை ஓடவிடச் சொல்வதற்குச் சமம்.

வெளியே ஒரு சொட்டும் தெரியாத கசிவும் உண்டு. அதுதான் வாரண்டியில் அதிகத் தகராறுக்கு உள்ளாகிறது. ரோட்டவேட்டரைத் தூக்கிய நிலையில் வண்டியை வரப்போரம் நிறுத்தி என்ஜினை அணைத்துவிட்டு டீ குடித்து வருவதற்குள் அதன் கத்திகள் தரையைத் தொட்டுவிட்டால், உள்ளே சிலிண்டரின் பிஸ்டன் ரிங்கோ, ரப்பர் வளையமான ஓ-ரிங்கோ அல்லது கண்ட்ரோல் வால்வோ எண்ணெயைத் தாங்காமல் விடுகிறது என்று பொருள். என்ஜின் ஓடும்போது கலப்பை மேலேயே நிற்கும், ஆனால் சில நொடிகளுக்கு ஒருமுறை மெல்லத் தலையசைப்பதுபோல் இறங்கி ஏறும். இதுவும் அதே நோய்தான். இன்னொரு வகையை யாரும் ஹைட்ராலிக் கசிவு என்றே எண்ணுவதில்லை. சில வண்டிகளில் ஹைட்ராலிக் பம்ப் என்ஜினின் டைமிங் கியரால் இயங்குகிறது. அங்கே பம்ப் தண்டின் சீல் (எண்ணெய் வெளியேறாமல் தடுக்கும் வளையம்) பழுதானால், ஹைட்ராலிக் எண்ணெய் வெளியே வராமல் நேரே என்ஜினுக்குள் போய்விடும். பின் ஹவுசிங்கில் அளவு குறைந்துகொண்டே வரும், தரையிலோ ஒரு துளி இருக்காது, என்ஜின் ஆயில் அளவுக் குச்சியில் மட்டும் கோடு ஏறிக்கொண்டே போகும். இரண்டு குச்சிகளையும் காலையில், வண்டி சமதரையில் ஆறி நிற்கும்போது பார்த்து ஒரு நோட்டில் எழுதிவைப்பவருக்கு இது ஒரு வாரத்தில் புலப்பட்டுவிடும். எழுதிவைக்காதவரிடம் "எண்ணெய் எங்கே போனது, நீங்கள்தான் சரியாக ஊற்றவில்லை" என்று எளிதாகச் சொல்லிவிடலாம்.

என் வண்டிக்கு வருகிறேன். இறுக்கிய பிறகும் கசிந்தது. பிறகு செப்பு வாஷரை மாற்றினார்கள். சில நாட்கள் நின்று மறுபடியும் ஊறியது. அடுத்து வந்தவர் மரையில் டெஃப்லான் டேப்பைச் சுற்றினார். தண்ணீர்க் குழாய்க்குச் சரியான இந்த வேலை ஹைட்ராலிக் இணைப்பில் செய்யவே கூடாதது. பிய்ந்து உள்ளே போகும் ஒரு சிறு துணுக்கு வால்வில் சிக்கினால் போதும், லிஃப்ட் பாதியில் நின்றுவிடும். கடைசியில், ஒரு பணிமனையில் பல காலம் ஃபிட்டராக இருந்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் பார்த்துத்தான் காரணம் தெரிந்தது. குழாயைக் கழற்றி, வாஷர் உட்காரும் இடத்தை டீசலால் கழுவி, டார்ச் வெளிச்சத்தைப் பக்கவாட்டில் பிடித்துக் காட்டினார். பம்பின் அந்த முகப்பில் நகத்தால் தடவினாலே தட்டுப்படும்படி ஒரு கீறல் ஓரம்வரை ஓடியிருந்தது. முகப்பே சரியாகக் கடையப்படாதபோது எத்தனை வாஷர் மாற்றினாலும் எவ்வளவு இறுக்கினாலும் எண்ணெய் அந்தக் கீறல் வழியாக வந்துகொண்டேதான் இருக்கும். ஒரு புதிய வண்டி தொழிற்சாலையை விட்டு வரும்போதே கொண்டுவந்த குறை என்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் வேறு என்ன வேண்டும்?

கசிவின் இடத்தைக் கண்டுபிடிப்பதில் ஷோரூம் ஆட்கள் காட்டும் அவசரம்தான் பாதிச் சிக்கலுக்குக் காரணம் என்பது என் எண்ணம். எண்ணெய் சொட்டும் இடம் ஒன்று, கசியும் இடம் வேறொன்று. ஹவுசிங்கின் மேல்மூடியில் கசிவது பக்கவாட்டில் வழிந்து, பின்னால் மாட்டும் கருவிகளைச் சுழற்றும் பி.டி.ஓ. தண்டின் அடியில் சொட்டும். அதைப் பார்த்து பி.டி.ஓ. சீலை மாற்றிவிட்டுப் போவார்கள். முழுவதும் கழுவித் துடைத்து, உலர்ந்தபின் சந்தேகமுள்ள இடங்களில் சாக்பீஸ் தூளைத் தூவி, பாரத்தோடு லிஃப்டைத் தூக்கி இறக்கிப் பார்த்தால், தூளில் முதலில் எங்கே ஈரம் கிளம்புகிறது என்பது தெரிந்துவிடும். அரை மணி நேரம் பிடிக்கும் இந்த வேலையைச் செய்ய ஒரு மெக்கானிக்குக் கருவிகள் எதுவும் தேவையில்லை, நேரம்தான் தேவை. ஒரே நாளில் பல ஊர்களுக்கு அனுப்பப்படும் அந்தத் தம்பிகளிடம் இல்லாததும் அதுதான்; அவர்களை மட்டும் நொந்துகொள்வது நியாயமாகாது.

இங்கே ஓர் எச்சரிக்கையையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். பாரம் தூக்கும்போது ஹைட்ராலிக் குழாயில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 150 முதல் 200 கிலோ வரை அழுத்தம் எழக்கூடும். ஊசிமுனை அளவுள்ள துளையில் பீறிடும் எண்ணெயைக் கையால் தடவிப் பார்த்தால் அது தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே இறங்கிவிடும். வெளியே எறும்பு கடித்த அளவுக்குத்தான் புள்ளி தெரியும். ஆனால் உடனே அறுவைச் சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்குப் போகாவிட்டால் விரலையோ கையையோ இழக்க நேரிடும். அட்டைத் துண்டைப் பிடித்துப் பார்க்க வேண்டுமே தவிர, கையை நீட்டக் கூடாது. தூக்கிய ரோட்டவேட்டருக்கு அடியில் முட்டுக் கொடுக்காமல் குனிந்து கசிவைத் தேடுவதும் கூடாது.

இனி வாரண்டிப் புத்தகத்துக்கு வருவோம். "இத்தனை ஆண்டுகள் அல்லது இத்தனை மணி நேரம், இவற்றில் எது முன்னதோ அது" என்று முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் இருக்கும். விளம்பரத்தில் ஆண்டுக் கணக்கை மட்டும்தான் சொல்கிறார்கள். சொந்த நிலத்தோடு அக்கம்பக்கத்து நிலங்களையும் உழுது கொடுக்கும் ஒருவருக்கு மணிக் கணக்கு அதற்கு வெகு முன்பே முடிந்துவிடும் என்பதை யாரும் சொல்வதில்லை. பின் பக்கத்தில் சிறிய எழுத்தில் வாரண்டிக்கு உட்படாதவை வருகின்றன. ரப்பர் பாகங்கள், சீல்கள், ஹோஸ்கள், ஃபில்டர்கள், எண்ணெய், கிரீஸ் எனத் தேய்மானப் பொருள்களாகக் கருதப்படுபவற்றின் பட்டியல் அது. நான் பார்த்த புத்தகங்களில் சொற்கள் சற்று வேறுபட்டாலும் போக்கு ஒன்றுதான். இந்தப் பட்டியலைப் படித்துவிட்டு ஹைட்ராலிக் கசிவை நினைத்துப் பாருங்கள். கசிவு என்பதே சீலிலும் ஓ-ரிங்கிலும் வாஷரிலும் நடப்பது, வீணாவது எண்ணெய். அதாவது, கசிவில் கெட்டுப்போகும் எல்லாவற்றையும் வெளியே நிறுத்திவிட்டு, ஹைட்ராலிக் அமைப்புக்கு வாரண்டி உண்டு என்று எழுதியிருக்கிறார்கள்.

ஓ-ரிங் தேய்மானப் பொருள் என்பதை நான் மறுக்கவில்லை. நான்கைந்து பருவம் உழைத்த வண்டியில் ஓர் ஓ-ரிங் வெடித்துப் போனால் அதைக் காசு கொடுத்து மாற்றிக்கொள்வதுதான் முறை. முதல் சர்வீஸுக்கே வராத வண்டியில் அது போய்விட்டால், தேய்வதற்கு அதற்கு நேரம் எங்கே இருந்தது? பொருத்தும்போது முறுக்கிக்கொண்டிருக்கலாம், தவறான அளவில் போட்டிருக்கலாம், உட்காரும் பள்ளம் சரியாகக் கடையப்படாமல் இருந்திருக்கலாம். மூன்றும் தயாரிப்பின் குறைகளே. எனவே, ஒரு பொருள் எந்தப் பட்டியலில் இருக்கிறது என்பதை மட்டும் பார்க்காமல், எத்தனை மணி நேரத்தில், எதனால் கெட்டது என்பதைப் பார்த்துத்தான் வாரண்டி உண்டா இல்லையா என்று முடிவு செய்ய வேண்டும்.

எண்ணெய்க் கதை இதைவிட மோசம். சீலின் விலை பத்து இருபது ரூபாயோ நூறு ரூபாயோதான். அதை இலவசமாகத் தருவதில் எந்த டீலருக்கும் கஷ்டமில்லை. உள்ளே இருக்கும் சீலை மாற்ற ஹவுசிங்கைத் திறக்க வேண்டும், திறக்க எண்ணெயை வடிக்க வேண்டும், வடித்ததில் தூசி விழுந்துவிட்டது, அதை மறுபடி ஊற்றக் கூடாது, 20 லிட்டர் வாளி இரண்டோ மூன்றோ புதிதாக வேண்டும் என்று வரும்போது பல ஆயிரம் ரூபாய்க்கு ரசீது நீட்டப்படுகிறது. என் வண்டிக்குக் கடைசியில் பம்பையே மாற்றிக் கொடுத்தார்கள். அதற்கு நன்றி சொல்வதா, எண்ணெய்க்கும் ஃபில்டருக்கும் என்னிடம் பணம் வாங்கிக்கொண்டதற்கு வருத்தப்படுவதா என்று தெரியவில்லை. "எண்ணெய் வாரண்டியில் வராது சார், கம்பெனி எங்களுக்கே கொடுக்காது" என்றார் டீலர். கம்பெனியின் மண்டல அதிகாரியோ, அது டீலர் தன் விருப்பப்படி செய்துகொடுக்க வேண்டியது என்றார். அவர்களின் குறையைச் சரிசெய்வதற்காகவே வடிக்கப்பட்ட எண்ணெய் அது. அந்த வேலை இல்லையென்றால் ஆயிரம் மணி நேரம் அளவுக்கு அப்படியே உழைத்திருக்கக்கூடிய எண்ணெய். பழுதுபார்க்கும் செலவின் பகுதியாகத்தான் அதைக் கருத வேண்டுமே தவிர, விவசாயி தானாகச் செய்த பராமரிப்பாகக் கருதக் கூடாது.

டெல்டாவில் இன்னொரு சங்கடமும் உண்டு. பின் அச்சில் சீல் கசிகிறது என்று போனால், முதலில் வரும் கேள்வி "சேத்துல ஓட்டுனீங்களா, கேஜ் வீல் (சேற்றுழவுக்கான இரும்புச் சக்கரம்) மாட்டுனீங்களா" என்பதுதான். நெல் விளையும் மாவட்டத்தில் டிராக்டரைச் சேற்றில் ஓட்டாமல் வேறு எங்கே ஓட்டுவது? அந்த ஷோரூமின் வாசலில் கட்டியிருக்கும் பெரிய பேனரிலேயே முட்டளவு சேற்றில் கேஜ் வீலோடு வண்டி நிற்கும் படம்தான் இருக்கிறது. அதேசமயம், சேற்றுழவில் அச்சைச் சுற்றிக் கோரையும் வைக்கோலும் சிக்கிச் சீலை அறுத்துவிடுவதும், அந்த வழியே தண்ணீர் புகுந்து எண்ணெய் பால்போல் வெளுத்துவிடுவதும் உண்மை. டிப்பர் ட்ரெய்லருக்கு எடுக்கும் இணைப்பில் மூடி போடாமல் மண்ணோடு மாட்டிவிட்டு, வால்வு கெட்டுவிட்டது என்று வாரண்டி கேட்பவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். டோசர் (மண் தள்ளும் தகடு) பொருத்துவதற்காகக் கண்ட கண்ட இடத்தில் ஹைட்ராலிக் குழாய் பிரித்த வண்டிக்கு நிறுவனம் பொறுப்பேற்காது. ஏற்க வேண்டும் என்று நான் வாதாடவும் இல்லை. எது யாருடைய பிழை என்று பிரித்துச் சொல்ல நடுநிலையான ஒரு கண் தேவைப்படுகிறது. இப்போது அந்த இடத்தில் டீலரின் கண் மட்டும்தான் இருக்கிறது.

புது வண்டியில் கசிவு கண்டவர்கள் முதலில் கவனிக்க வேண்டியது ஜாப் கார்டு. மெக்கானிக் வயலுக்கே வந்து பார்த்தாலும், தேதி, ஹவர் மீட்டர் எண், புகார், செய்த வேலை, ஊற்றிய எண்ணெய் ஆகியவை எழுதப்பட்ட ஜாப் கார்டின் நகலைக் கையெழுத்தோடு வாங்கிக்கொள்ள வேண்டும். "பொதுவான சோதனை" என்று எழுதினால் ஏற்கக் கூடாது, "ஹைட்ராலிக் எண்ணெய்க் கசிவு" என்றே எழுதச் சொல்ல வேண்டும். வாரண்டி கடைசிக் கட்டத்தில் இருக்கும்போது, குறை வாரண்டிக்குள்ளேயே தொடங்கியது என்பதை நிரூபிக்க இதுதான் முதல் ஆதாரம். தொலைபேசியில் சொன்னதையே டீலருக்கும் நிறுவனத்துக்கும் பதிவுத் தபாலிலோ மின்னஞ்சலிலோ ஒருமுறை எழுதிவிடுவதும், துடைப்பதற்கு முன்பாகக் கசிவைப் படமும் வீடியோவும் எடுத்துவைப்பதும் நல்லது. வாரண்டி இருக்கும்வரை வெளி மெக்கானிக்கைக் கொண்டு ஹவுசிங்கைத் திறக்க வேண்டாம். பார்க்கச் சொல்லலாம், திறக்கச் சொல்லக் கூடாது. அதைக் காரணமாகக் காட்டியே மொத்த வாரண்டியையும் மறுத்துவிடுவார்கள். நான் பெரியவரைக் கொண்டு பார்த்ததும் ஷோரூம் மெக்கானிக்கை அருகில் வைத்துக்கொண்டு, அவர் கையாலேயே குழாயைக் கழற்றவைத்துத்தான்.

இதற்கும் மசியாவிட்டால் சட்டம் இருக்கிறது. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. கொடுத்த விலை 50 லட்சம் ரூபாய் வரை இருந்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் செய்யலாம், நிறுவனம் எந்த மாநிலத்தில் இருந்தாலும் விவசாயி தான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே செய்யலாம். ஐந்து முதல் பத்து லட்சம் ரூபாய் வரையுள்ள பொருளுக்குக் கட்டணம் 200 ரூபாய்தான். வழக்குக்குக் காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் கொடுத்துவிட வேண்டும். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் பதிவு செய்வதும் சில நேரம் பலன் தருகிறது. வாடகைக்கு உழுபவர் வணிக நோக்கில் வாங்கியவர், ஆகவே அவர் நுகர்வோர் அல்ல என்று எதிர்த்தரப்பு வாதாடக்கூடும். தன் வாழ்வாதாரத்துக்காகச் சுயதொழிலாகப் பயன்படுத்துபவரை அந்தச் சட்டமே நுகர்வோராக ஏற்கிறது. விதை வழக்கு ஒன்றில் விவசாயியும் நுகர்வோரே என்று உச்ச நீதிமன்றம் 2012-இல் தெளிவுபடுத்தியிருக்கிறது.

ஆனால் சட்டத்தை நம்பிப் போகிறவர் இரண்டு உண்மைகளைத் தெரிந்துகொண்டு போக வேண்டும். கசிகிறது என்பதற்காக வண்டியையே மாற்றித் தர உத்தரவு கிடைக்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது. வாரண்டி பழுதான பாகத்தை மாற்றித் தருவதற்குத்தான், முழு வண்டியையும் மாற்றித் தருவதற்கு அல்ல என்று 2006-இல் ஒரு கார் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியதையே நிறுவனங்கள் இன்றும் முன்வைக்கின்றன. அடுத்தது, தயாரிப்புக் குறை என்று சொல்கிறவர் அதை நிபுணரின் அறிக்கையால் நிரூபிக்க வேண்டும் என்று ஆணையங்கள் பெரும்பாலும் எதிர்பார்க்கின்றன. கிராமத்தில் இருக்கும் ஒருவர் ஹைட்ராலிக் நிபுணரை எங்கே தேடுவார்? புகார்களை மூன்று மாதத்துக்குள்ளும், பொருளைச் சோதிக்க வேண்டியிருந்தால் ஐந்து மாதத்துக்குள்ளும் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடப்பில் அதற்கு மேல் இழுப்பதை எல்லோரும் அறிவர். மேட்டூர் திறந்து கடைமடைக்குத் தண்ணீர் வரும் நாட்களில் லிஃப்ட் தூக்காத வண்டியை வைத்திருப்பவருக்கு ஐந்து மாதம் என்பதே ஒரு பருவத்துக்கு மேல். வங்கித் தவணையோ வண்டி ஒர்க்‌ஷாப்பில் நிற்கிறதா, வயலில் ஓடுகிறதா என்று கேட்பதில்லை.

அரசு தலையிட வேண்டிய இடம் இதுதான். வேளாண் இயந்திரமயமாக்கல் துணை இயக்கம் 2014-15 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்கீழ் பொதுப்பிரிவு விவசாயிகளுக்கு 40 விழுக்காடும், சிறு, குறு, ஆதிதிராவிட, பழங்குடியின, பெண் விவசாயிகளுக்கு 50 விழுக்காடும் உச்சவரம்புக்கு உட்பட்டு மானியம் என்ற விதியின்படி இயந்திரங்கள் வழங்கப்படுகின்றன. மானியத்தில் தரப்படும் வண்டி எது, விற்கும் நிறுவனம் எது என்பதையெல்லாம் அரசு சரிபார்க்கிறது. மத்தியப் பிரதேசத்தின் புத்னியில் உள்ள மத்திய நிறுவனம் டிராக்டர் மாதிரிகளைச் சோதிக்கிறது. அந்தச் சோதனையில் லிஃப்ட் எவ்வளவு பாரம் தூக்குகிறது, தூக்கிய பாரம் எவ்வளவு இறங்குகிறது என்பதுகூடப் பார்க்கப்படுகிறது. ஆனால் சோதிக்கப்படுவது ஒரு மாதிரி வண்டி. நம் வீட்டு வாசலுக்கு வந்து நிற்கும் வண்டியை டீலர்தான் சரிபார்க்கிறார். ஒப்படைக்கும் முன் செய்யும் அந்தச் சோதனையின் தாளில் எல்லாக் கட்டங்களிலும் டிக் அடித்து வாங்குபவரிடம் கையெழுத்துக் கேட்பதுதான் வழக்கமாக இருக்கிறது. ஹைட்ராலிக்கைப் பாரத்தோடு தூக்கிக் காட்டிவிட்டுக் கையெழுத்து வாங்கும் ஷோரூமை நான் இதுவரை பார்க்கவில்லை.

வேளாண்மைப் பொறியியல் துறைக்கு ஒவ்வோர் உபகோட்டத்திலும் உதவி செயற்பொறியாளர் இருக்கிறார். துறையே டிராக்டர்களைச் சொந்தமாக வைத்து விவசாயிகளுக்கு வாடகைக்கு விடுகிறது. ஹைட்ராலிக் கசிவு என்றால் என்னவென்று அவர்களுக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. வாரண்டிக்குள் தகராறு எழும்போது, விவசாயி எழுதிக் கேட்டால் இந்தப் பொறியாளர் வண்டியைப் பார்த்து, கசிவு எங்கே, அது பயன்படுத்தியதால் வந்ததா, தயாரிப்பில் வந்ததா என்று ஓர் அறிக்கை தர வேண்டும் என அரசு ஆணையிட்டால் போதும், நான் மேலே சொன்ன நிபுணர் சிக்கலில் பெரும்பகுதி தீர்ந்துவிடும். அந்த அறிக்கை கையில் இருந்தால் பெரும்பாலான டீலர்கள் ஆணையம்வரை போகவே மாட்டார்கள். அத்துடன், மானியத் திட்டத்தில் விற்க அனுமதி கேட்கும் நிறுவனங்களிடம் இரண்டு நிபந்தனைகளை எழுதி வாங்க வேண்டும். ஒன்று, முதல் 250 மணி நேரத்துக்குள் வரும் எந்த ஹைட்ராலிக் கசிவுக்கும் சீல், கூலி, எண்ணெய் மூன்றும் நிறுவனத்தின் செலவே என்பது. மற்றது, வாரண்டி வேலைக்காக வண்டி ஒர்க்‌ஷாப்பில் நிற்கும் நாட்கள் வாரண்டிக் காலத்தோடு கூட்டித் தரப்படும் என்பது. சீசனில் ஒரு வாரத்துக்கு மேல் வண்டி நின்றால் மாற்று வண்டி தர வேண்டும் என்றும் சில நண்பர்கள் சொல்கிறார்கள். நடக்குமா என்ற ஐயம் எனக்கு இருப்பதால் அதை வலியுறுத்தவில்லை.

மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் மாதந்தோறும் நடக்கும் விவசாயிகள் குறைதீர் நாள் கூட்டத்தில் தூர்வாரும் பணி, கொள்முதல் நிலையம், பயிர்க் காப்பீடு ஆகியவைதான் பெரும்பாலும் பேசப்படுகின்றன. அவை பேசப்பட வேண்டியவையே. இந்தக் கோரிக்கைகளை வரும் கூட்டத்தில் மனுவாகக் கொடுக்க இருக்கிறேன். வாரண்டியில் இருந்த வண்டிக்கு ஹைட்ராலிக் எண்ணெய்க்கெனப் பணம் கட்டிய ரசீது வைத்திருப்பவர்கள், ஜாப் கார்டு இருந்தால் அதையும் சேர்த்து, நகல்களுடன் அன்று வருமாறு தங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன். வேளாண்மைப் பொறியியல் துறை அதிகாரிகள் அந்தக் கூட்டத்துக்கு வருவது வழக்கம் என்பதால், ரசீதுகளை அவர்களிடமே நேரில் கொடுத்துவிடலாம்.

இப்படிக்கு,
ஒரு விவசாயி,
நீடாமங்கலம் வட்டம், திருவாரூர் மாவட்டம்.